வழுக்கிய போல்ட்டுக்கு வைத்தியம்... முதல் வழுக்கலிலேயே கையை எடுங்க!

கருவிக் கொட்டகை: கேள்வி-பதில்

மன்னார்குடி பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்:

“ஐயா, எனக்கு 3 ஏக்கர் நஞ்சை. பழைய டிராக்டரும் ரொட்டவேட்டரும் சொந்தமாக இருக்கின்றன. சம்பா நாற்று தயார். மறுநாள் விடிந்தால் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் முறை. முதல் நாள் சாயங்காலம் தேய்ந்த பிளேடுகளை மாற்ற உட்கார்ந்தேன். 6 பிளேடு மாற்றிவிட்டேன். ஏழாவதில் ஸ்பேனர் வழுக்கியது. ‘தள்ளுப்பா, நான் பார்க்கிறேன்’ என்று மகன் ஸ்பேனரில் பைப்பைச் செருகி இழுத்தான். மறுபடியும் வழுக்கி, கை பிளேடில் மோதி 4 தையல். போல்ட் தலை கோலிக்குண்டு மாதிரி உருண்டையாகிவிட்டது. இப்படியே 5 போல்ட். மறுநாள் வெல்டிங்காரர் வந்து கேஸ் வைத்து அறுத்தார். போல்ட்டோடு சேர்ந்து பிளேடு மாட்டும் தட்டும் வெந்துபோனது. தண்ணீர் முறையும் போனது. நடவு ஆட்கள் அடுத்த வயலுக்குப் போய்விட்டார்கள். நடவு 9 நாள் தள்ளிப்போனது. இதில் தப்பு யார் மேல்? போல்ட் மேலா, வெல்டிங்காரர் மேலா, என் மேலா?”

இதே நோயோடு இன்னும் மூன்று கடிதங்கள் வந்திருக்கின்றன. அதனால் இந்த இதழ் முழுக்க வழுக்கிய போல்ட்டுக்கே ஒதுக்கிவிட்டேன்.

முதலில் அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில். முதல் முறை ஸ்பேனர் வழுக்கியது உங்கள் தப்பு இல்லை. சேற்றில் கிடக்கிற போல்ட் அப்படித்தான் இருக்கும். இரண்டாவது முறை வழுக்கியதுதான் தப்பு. முதல் வழுக்கலில் போல்ட் தலையின் மூலை லேசாக மழுங்கியிருக்கும். அந்த நிலையில் அதைக் கழற்ற அரை டஜன் வழிகள் உண்டு. அதே ஸ்பேனரை அதே போல்ட்டில் திரும்பத் திரும்பப் போட்டு இழுக்கும்போது, ஒவ்வொரு வழியாக நாமே அடைத்துக்கொண்டே போகிறோம். கடைசியில் கேஸ் கட்டிங் ஒன்றுதான் மிஞ்சுகிறது.

நான் பட்டறையில் பையனாக இருந்தபோது எங்கள் மேஸ்திரி ஒன்று சொல்வார்: “வழுக்கினா கையை எடுடா. டீ குடிச்சிட்டு வந்து வேற ஸ்பேனரை எடு.” டீ முக்கியமில்லை, கையை எடுப்பதுதான் முக்கியம்.

ஏன் வழுக்குகிறது?

ரொட்டவேட்டர் போல்ட் மண்ணுக்குள்ளேயே சுற்றுகிறது. மணல் அதன் தலையை அரம் போட்டு ராவுவதுபோல் ராவிவிடும். புதிதாக இருக்கும்போது 19 ஸ்பேனருக்குச் சரியாக இருந்த தலை, சில பருவம் ஓடியதும் 18-க்குக் கிட்டே வந்துவிடும். நாம் அதே 19-ஐப் போடுவோம். ஸ்பேனர் ஆடும், மூலையை மட்டும் பிடிக்கும், மூலை உடையும்.

இரண்டாவது காரணம் துரு. இரும்பு துருப்பிடித்தால் முன்னைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். மரைக்குள் இருக்கிற அந்த மயிரிழை இடைவெளியில் துரு உப்பி, ஆப்பு அடித்ததுபோல் பிடித்துக்கொள்கிறது. சேற்று வயலிலும் உப்புத் தண்ணீர் ஏறுகிற கடலோர ஊர்களிலும் இது இன்னும் மோசம்.

மூன்றாவது நம் ஸ்பேனர். ரிங் ஸ்பேனரின் உள்பக்கத்தைப் பாருங்கள். பெரும்பாலும் 12 மூலை இருக்கும். மாட்டுவதற்குச் சுலபம். ஆனால், போல்ட்டின் மூலைக்குப் பக்கத்தில் மட்டுமே அழுத்தும். 6 மூலை உள்ள சாக்கெட் (பாக்ஸ்) கிடைக்கிறது. அது மூலையை விட்டு உள்ளே தள்ளி, தட்டையான முகத்தில் அழுத்தும். இறுகிய போல்ட்டுக்கு 6 மூலைதான். வாய் விரிந்த பழைய ஸ்பேனரையும் ஸ்கிரூ ஸ்பேனரையும் இறுகிய போல்ட் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அவை கழற்ற உதவுவதைவிட உருட்டத்தான் அதிகம் உதவும்.

கை வைக்கும் முன்...

டிராக்டர் இன்ஜினை நிறுத்துங்கள். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போடுங்கள். பி.டி.ஓ. நியூட்ரலில் இருக்கட்டும். ரொட்டவேட்டரைத் தூக்கி நிறுத்தி வேலை செய்வதானால், அடியில் கனமான மரக்கட்டை கொடுத்து அதன் மேல் இறக்கி உட்கார வையுங்கள். ஹைட்ராலிக்கை மட்டும் நம்பி அடியில் கையையோ தலையையோ கொடுக்க வேண்டாம். யாராவது லிவரைத் தட்டினாலும் போச்சு, ஹோஸ் வெடித்தாலும் போச்சு. அந்த இரும்பு உங்கள் மேல்தான் இறங்கும். சுத்தியல், உளி, கிரைண்டர் எடுத்தால் கண்ணாடி கட்டாயம்.

முதல் கேள்வி: மரை எங்கே முடிகிறது?

எந்த வழியில் கழற்றுவது என்று முடிவெடுக்கும் முன், போல்ட்டின் மறுமுனையைத் தேடுங்கள். இதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

போல்ட் ஊடுருவிப்போய் அந்தப் பக்கம் நட்டு தெரிகிறதா? ரொட்டவேட்டர் பிளேடு, கலப்பைக் கொழு, டிராலி பலகை எல்லாம் இந்த வகை. இங்கே போல்ட்டும் நட்டும் போனால் போகட்டும். ஒரு போல்ட்டின் விலை பெரும்பாலும் டீ, வடைச் செலவுக்குள்தான் இருக்கும். தட்டுக்கும் பிளேடுக்கும் சேதம் இல்லாமல் இருந்தால் போதும்.

போல்ட் நேராக இன்ஜின், கியர் பெட்டி, ஆக்சில் போன்ற வார்ப்புக்குள் இறங்குகிறதா? இங்கே கதை தலைகீழ். போல்ட் தலை போனால் கவலை இல்லை. உள்ளே இருக்கிற மரைதான் சொத்து. அது கெட்டால் லேத் பட்டறைச் செலவு. வார்ப்பு விரிசல் விட்டால் அந்தப் பெட்டியையே மாற்ற வேண்டிவரலாம்.

முதல் வகைக்கு வெட்டித் தள்ளலாம். இரண்டாவது வகைக்குப் பொறுமைதான் மருந்து. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பெரிய நஷ்டம் வருகிறது.

படிப்படியாக ஏறுங்கள்

கீழே சொல்வதை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். மெதுவானது முதலில், முரட்டுத்தனமானது கடைசியில். ஒவ்வொரு படியிலும் ஒரு முறை வழுக்கினால் அடுத்த படிக்குப் போங்கள்.

1. சுத்தம் செய்யுங்கள். கம்பி பிரஷ்ஷால் தலை, நட்டு, வெளியே நீட்டியிருக்கிற மரை மூன்றையும் தேயுங்கள். காய்ந்த சேறு அரை மில்லி மீட்டர் ஒட்டியிருந்தாலும் ஸ்பேனர் முழுசாக உட்காராது. நட்டைத் தாண்டி நீட்டியிருக்கிற மரையில் துரு இருந்தால், நட்டு அதைக் கடந்துதான் வரவேண்டும். அங்கேதான் பாதி வழியில் மறுபடி சிக்கும்.

2. ஊற வையுங்கள். துரு இளக்கும் ஸ்பிரே இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் டீசலில் கொஞ்சம் இன்ஜின் ஆயில் கலந்து, மரை தொடங்குகிற இடத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். தலைக்கு மேல் ஊற்றிப் பயனில்லை. முதல் நாள் இரவு விட்டு, இடையிடையே திரும்ப விட்டு, மறுநாள் காலை கழற்றுவது உத்தமம். மன்னார்குடி வாசகர் தண்ணீர் முறைக்கு இரண்டு நாள் முன்பே இந்த வேலையைச் செய்திருந்தால், பாதி போல்ட் தானாகவே இளகியிருக்கும். பருவத்துக்கு முன் பிளேடு மாற்றும் வேலையைக் காலண்டரில் குறித்துவையுங்கள்.

3. தட்டுங்கள். போல்ட் தலையின் மேல் நேராக, சுத்தியலால் நாலைந்து அடி. போல்ட்டை வளைக்க இல்லை. அதிர்ச்சியில் துரு விரிசல் விட்டு, எண்ணெய் உள்ளே இறங்கும். வார்ப்பின் மேல் அடி படக்கூடாது. நீட்டியிருக்கிற மரை நுனியில் அடித்தால் மரை நசுங்கும், அங்கேயும் வேண்டாம்.

4. சரியான சாக்கெட்டை அறைந்து ஏற்றுங்கள். தேய்ந்த தலைக்கு ஒரு அளவு சின்ன 6 மூலை சாக்கெட்டை எடுத்து, சுத்தியலால் தட்டி இறுக்கமாக ஏற்றுங்கள். 19 வழுக்கினால் 18. 17 வழுக்கினால் 16. இடைப்பட்ட அளவு வேண்டுமென்றால் இன்ச் சாக்கெட் கைகொடுக்கும்; 11/16 இன்ச் என்பது ஏறக்குறைய 17.5 மில்லி மீட்டர். சாக்கெட் ஏறவில்லையா? அரத்தை எடுத்து எதிரெதிர் முகங்கள் இரண்டை மட்டும் ராவி, 17 ஓப்பன் ஸ்பேனர் கச்சிதமாக உட்காரும்படி செய்யலாம். வேலை மெதுவாக நடக்கும். ஆனால், தலை முழுசாக உருண்டையாகாத வரை பலன் தரும்.

கழற்றும்போது முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு இம்மி அசையுங்கள். பிறகு கழற்றுகிற பக்கம். அசைந்துவிட்டால் ஒரே மூச்சாகக் கழற்றாமல், அரைச் சுற்று வெளியே, கால் சுற்று உள்ளே என்று முன்னும் பின்னும் ஓட்டி, நடுநடுவே எண்ணெய் விட்டுக் கொண்டுவாருங்கள். ஸ்பேனரை உங்களை நோக்கி இழுங்கள். தள்ளித்தான் ஆகவேண்டும் என்றால் விரல்களை மடக்காமல், விரித்த உள்ளங்கையால் தள்ளுங்கள். அந்த மகனுக்கு விழுந்த 4 தையல், மடக்கிய விரல்களுக்கு விழுந்ததாகத்தான் இருக்கும்.

பைப் போடலாமா என்று கேட்பீர்கள். ஒரு அடி ஸ்பேனரை பைப் போட்டு இரண்டு அடி ஆக்கினால், அதே பலத்துக்கு இரண்டு மடங்கு முறுக்கு. 19-க்கு மேல் உள்ள தடித்த போல்ட்டில், சாக்கெட் ஆடாமல் உட்கார்ந்திருந்தால் போடலாம். 13, 14 ஸ்பேனர் போல்ட்டில் போடவே கூடாது. தலை கையோடு வந்துவிடும். உடல் உள்ளேயே நின்றுவிடும்.

5. லாக் பிளையர், உளி. தலை வெளியே நன்றாகத் தெரிந்தால் லாக் பிளையரை (வைஸ் கிரிப்) அதிகபட்சம் இறுக்கிப் பூட்டித் திருப்பிப் பாருங்கள். அதுவும் வழுக்கினால் உளி. தலையின் ஓரத்தில் முதலில் உளியை நேராக வைத்து ஒரு வெட்டு. பிறகு அதே வெட்டில் உளியைச் சாய்த்து, கழற்றுகிற திசையில் அடி. உளியின் அடிவாங்கும் முனை காளான்போல் விரிந்திருந்தால், ராவிச் சரிசெய்துவிட்டு எடுங்கள். அதிலிருந்து தெறிக்கிற சில்லு கண்ணுக்கு நேராக வரும்.

6. நட்டை வெட்டுங்கள். இது முதல் வகைக்கு மட்டும். கிரைண்டரில் மெல்லிய கட்டிங் வீல் மாட்டி, நட்டின் ஒரு முகத்தில் நீளவாக்கில் வெட்டுங்கள். மரை வரைக்கும் போகவேண்டியதில்லை. கொஞ்சம் மிச்சம் வைத்து, அந்த வெட்டில் உளியை வைத்து ஒரு அடி அடித்தால் நட்டு பிளந்து விரியும். தட்டில் கீறல்கூட விழாமல் வேலை முடியும். மன்னார்குடி வாசகருக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது இதுதான். கேஸ் கட்டிங் இல்லை. கிரைண்டரின் கார்டைக் கழற்றிவிட்டு வேலை செய்யாதீர்கள். வைக்கோல் போர், டீசல் கேன் பக்கத்தில் இருந்தால் வண்டியை அங்கிருந்து நகர்த்திவிட்டு ஆரம்பியுங்கள்.

7. வெல்டிங். இரண்டாவது வகைக்கு, பெரும்பாலும் இதுதான் கடைசி நல்ல வழி. உருண்டுபோன தலையின் மேல் ஒரு புது நட்டை வைத்து, நட்டின் துளைக்குள் வெல்டிங் வைத்து நிரப்பச் சொல்லுங்கள். பிடிப்பதற்குப் புதுத் தலை கிடைக்கிறது. சூட்டில் துருவும் விட்டுக்கொடுக்கும். செக்கச்செவேலென்று இருக்கும்போது திருப்ப வேண்டாம். சிவப்பு அடங்கி, சூடு இருக்கும்போதே மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். எர்த் கிளாம்ப்பை அந்தப் போல்ட்டுக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள். தூரத்தில் மாட்டினால் கரன்ட் பேரிங் வழியாகப் பாய்ந்து அதைக் கெடுக்கும்.

சூடு: எங்கே கூடாது?

நட்டைச் சூடாக்கினால் அது விரிந்து போல்ட்டை விடும். இது உண்மைதான். ஆனால் டீசல் டேங்க், டீசல் பைப், ஹைட்ராலிக் ஹோஸ், பேட்டரி, ஆயில் சீல், பேரிங் பக்கத்தில் தீ ஆகாது. எண்ணெய் ஊறவைத்த போல்ட்டைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் சூடாக்க வேண்டும். சூடாக்கிய போல்ட்டில் ஸ்பிரேயோ டீசலோ அடித்தால் பக்கென்று பற்றிக்கொள்ளும்.

இன்னொன்று. நன்றாகச் சூடேறிய போல்ட் அதன் பலத்தை இழந்திருக்கும். கழற்றியபின் அதைத் திரும்ப மாட்டாதீர்கள்.

புதுசு போடும்போது...

கழற்றியதும் நிம்மதியில் பெட்டியில் கிடக்கிற ஏதோ ஒரு போல்ட்டை எடுத்து முடுக்கிவிடுகிறோம். இங்கேதான் ஆபத்து.

போல்ட் தலையைப் பாருங்கள். 8.8, 10.9 என்று எண் இருக்கும். அது அந்த இரும்பின் பலம். எண் பெரிதானால் பலம் அதிகம். பழைய போல்ட்டில் என்ன எண் இருந்ததோ அதே எண்ணைத்தான் போடவேண்டும். எண் தேய்ந்துபோயிருந்தால் கையேட்டைப் பாருங்கள், அல்லது அந்தக் கம்பெனி உதிரிபாகக் கடையில் பிளேடு போல்ட் என்றே கேட்டு வாங்குங்கள். எண்ணே இல்லாத சாதாரண போல்ட் முறிந்தால், சுற்றுகிற வேகத்தில் பிளேடு எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது. வரப்பில் நிற்கிற பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பிரிங் வாசரும் புதிதாகப் போடுங்கள். மரையில் மெல்லிய பூச்சாகக் கிரீஸ் தடவினால் அடுத்த முறை இந்தப் பாடு இல்லை. ஆனால் கிரீஸ் போட்ட மரை சுலபமாக ஓடுவதால், அளவுக்கு மீறி இறுக்கிவிடாதீர்கள். சக்கர நட்டுக்கு மட்டும், கையேட்டில் சொல்லாவிட்டால் கிரீஸ் வேண்டாம்.

42 பிளேடு உள்ள ரொட்டவேட்டரில், பிளேடுக்கு இரண்டு வீதம் 84 போல்ட். புதிதாக மாட்டி ஒரு மணி நேரம் ஓட்டியதும் நிறுத்தி, 84-ஐயும் ஒரு முறை இறுக்கிப் பாருங்கள். தளர்ந்த போல்ட் ஆட ஆட, தட்டில் இருக்கிற வட்டத் துளை முட்டை வடிவமாகிவிடும். அப்புறம் எந்தப் போல்ட்டும் நிற்காது.

மற்ற கடிதங்கள்

*“பழைய கார் ஒன்று வைத்திருக்கிறேன். நானே ஆயில் மாற்றலாம் என்று படுத்தேன். ஆயில் வடிக்கும் போல்ட் தலை உருண்டுவிட்டது. என்ன செய்வது?” (ஈரோடு மாவட்ட வாசகர்)*

முதலில் ஒரு கேள்வி: காரைத் தூக்கி ஸ்டாண்ட் கொடுத்தீர்களா? ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்காதீர்கள். சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்து, இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் வைத்தபிறகே உள்ளே போகவேண்டும்.

இது நான் சொன்ன இரண்டாவது வகை. பல கார்களில் ஆயில் சட்டி அலுமினியம்; மரை சீக்கிரம் கெடும். தீயும் வேண்டாம், கிரைண்டரும் வேண்டாம். உள்ளே இருப்பது ஆயில். ஒரு அளவு சின்ன 6 மூலை சாக்கெட்டைத் தட்டி ஏற்றிப் பாருங்கள். அடுத்து லாக் பிளையர். அதற்கும் வராவிட்டால் உளியைத் தொடாமல் பட்டறைக்கு ஓட்டிப்போய்விடுங்கள். ஆயில் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. அளவு சரியாக இருந்தால் கார் ஓடும். போல்ட்டைப் பாதியில் உடைத்தால்தான் கார் நிற்கும். கழன்றதும் புது போல்ட், புது வாசர் போடுங்கள். கையால் சில சுற்று ஓட்டி, மரை நேராக ஏறுகிறதா என்று பார்த்தபிறகே ஸ்பேனர்.

ஆலன் கீ போல்ட்டாக இருந்து உள்குழி உருண்டிருந்தால், கொஞ்சம் பெரிய நட்சத்திர முனை பிட்டைத் தட்டி இறக்கித் திருப்புங்கள். பல நேரம் அதிலேயே வந்துவிடும்.

இத்தோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். காரோ டிராக்டரோ, கியர் ஆயில் மாற்றும்போது வடிக்கும் போல்ட்டில் முதலில் கை வைக்காதீர்கள். ஆயில் ஊற்றும் போல்ட் கழல்கிறதா என்று முதலில் பாருங்கள். எல்லா ஆயிலையும் வடித்துவிட்டு, ஊற்றும் போல்ட் வழுக்கிக்கொண்டால் வண்டி நின்ற இடத்திலேயே கிடக்கும்.

*“டிராலி சக்கர நட்டு வரவில்லை. கேஸ் வைத்துச் சூடாக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?” (விழுப்புரம் மாவட்ட வாசகர்)*

கூடவே கூடாது. டயர் மாட்டியிருக்கிற சக்கரத்தில் தீயும் வைக்கக்கூடாது, வெல்டிங்கும் செய்யக்கூடாது. சூட்டில் டயருக்குள் இருக்கிற காற்றழுத்தம் ஏறும். அதைவிட மோசம், ரப்பர் வெந்து எரியக்கூடிய வாயு உள்ளே சேரும். வெடித்தால் பக்கத்தில் நிற்பவர் உயிர் தப்புவது கஷ்டம். தீயை எடுத்த பிறகும் வெடிக்கலாம். காற்றை இறக்கிவிட்டுச் செய்யலாம் என்றும் சொல்வார்கள், அதையும் நம்பவேண்டாம். எண்ணெய் ஊறவைத்து, 6 மூலை சாக்கெட், நீளமான கைப்பிடி. அதற்கும் வராவிட்டால் டயர் கடையில் இருக்கிற இம்பாக்ட் துப்பாக்கி. கடைசி வழியாக நட்டை உளியால் பிளக்கலாம்; ஸ்டட் போனால் புது ஸ்டட் மாட்டிக்கொள்ளலாம். டிராலியைத் தூக்கும் முன், சக்கரம் தரையில் ஊன்றியிருக்கும்போதே நட்டை இளக்கிவிடுங்கள்.

*“எவ்வளவு இழுத்தும் கழலாத ஒரு போல்ட், திரும்பின பக்கம் தப்பு என்று மெக்கானிக் சொன்னார். அப்படியும் இருக்குமா?” (தென்காசி மாவட்ட வாசகர்)*

இருக்கும். இடது மரை என்று ஒன்று உண்டு. சைக்கிளின் இடது பெடலும், மேசை கிரைண்டரின் இடது பக்க நட்டும் வழக்கத்துக்கு எதிராகத்தான் கழலும். சுற்றுகிற வேகத்தில் தானாகக் கழன்றுவிடாமல் இருக்க அப்படிச் செய்கிறார்கள். சுற்றுகிற பாகத்தின் நடுவில் இருக்கிற நட்டு பிடிவாதம் பிடித்தால், பலத்தைக் காட்டும் முன் வெளியே தெரிகிற மரை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். போல்ட்டைச் செங்குத்தாகப் பிடித்துப் பார்க்கும்போது, வழக்கமான மரை இடமிருந்து வலமாக மேலே ஏறும். இடது மரை அதற்கு எதிர்ப்பக்கம் ஏறும்.

தலையே உடைந்துவிட்டால்?

தலை போய், உடல் வார்ப்புக்குள் நின்றுவிட்டால், கடைகளில் எக்ஸ்ட்ராக்டர் என்று ஒரு கருவி கொடுப்பார்கள். போல்ட்டின் நட்டநடுவில் துளைபோட்டு, அதில் இதை இறக்கி எதிர்ப்பக்கம் திருப்பவேண்டும். துளை கொஞ்சம் விலகினாலும் மரை போச்சு. எக்ஸ்ட்ராக்டர் மிகக் கெட்டியான எஃகு, ஆனால் முறியக்கூடியது. அது உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் பிட் அதன் மேல் ஏறாது. கை பழகாதவர்கள் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு லேத் பட்டறைக்குப் போவதுதான் சிக்கனம்.

கொட்டகையில் இருக்கவேண்டியவை

6 மூலை சாக்கெட் செட் ஒன்று, கம்பி பிரஷ், துரு இளக்கும் ஸ்பிரே, லாக் பிளையர், நல்ல உளி, தட்டை அரம், கண்ணாடி. கூடவே உங்கள் ரொட்டவேட்டருக்குரிய போல்ட், நட்டு, வாசர் ஒரு டஜன். பருவத்துக்கு முன்பே வாங்கிப் போட்டுவிடுங்கள். ராத்திரி 8 மணிக்கு எந்தக் கடையும் திறந்திருக்காது.

மன்னார்குடி வாசகருக்குக் கடைசியாக ஒன்று. வெந்துபோன தட்டை நிமிர்த்தி வெல்டிங் வைத்து ஓட்டலாமா என்று கடிதத்தின் பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். துளை வட்டமாக இருந்து, தட்டு வளையாமல் மேலாக மட்டும் கருகியிருந்தால், இந்தப் பருவத்தை ஓட்டிவிட்டு அறுவடைக்குப் பிறகு மாற்றலாம். ஆனால் ஒவ்வொரு நாளும் வயலில் இறங்கும் முன் அந்தப் போல்ட்டுகளையும் தட்டில் விரிசல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். துளை நீண்டிருந்தாலோ, தட்டு கோணியிருந்தாலோ அதைத் தட்டி நிமிர்த்தி ஓட்டாதீர்கள். தட்டை மாற்றிவிட்டே வயலில் இறக்குங்கள். மகனின் கை ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். அடுத்த முறை அவரையே கழற்றச் சொல்லுங்கள். ஒரு முறை வழுக்கினால் கையை எடுக்கவேண்டும் என்பது இப்போது அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்.

அடுத்த இதழில், மோட்டார் பம்ப்பில் தண்ணீர் குறைந்தால் எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது என்று பேசுவோம். உங்கள் கேள்விகளோடு கருவியின் வயது, எத்தனை மணி நேரம் ஓடியது, கடைசியாக யார் எதைக் கழற்றினார்கள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். பாதிப் பதில் அதிலேயே இருக்கும்.